பரிசோதனை வயலில் அரிவாள்

1999 ஜூலை 26 விடியற்காலையில், இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் லிங் என்னும் சிற்றூரை ஒட்டிய மக்காச்சோள வயலுக்குள் கிரீன்பீஸ் அமைப்பைச் சேர்ந்த 28 பேர் இறங்கிப் பயிரைச் சாய்த்தார்கள். முன்னின்றவர் அந்த அமைப்பின் பிரிட்டன் தலைவராக இருந்த மெல்செட் பிரபு. இயற்கை வேளாண்மை செய்துவந்த நிலக்காரரும்கூட. களைக்கொல்லி தெளித்தாலும் கருகாதபடி மரபணு மாற்றப்பட்ட சோளம் அது. வயலுக்குச் சொந்தக்காரர்கள் டிராக்டரோடு வந்து மறிப்பதற்குள் ஒரு பகுதி விழுந்துவிட்டது. மறு ஆண்டு செப்டம்பரில் நார்விச் நீதிமன்றத்து ஜூரிகள் 28 பேரையும் விடுவித்தார்கள். மகரந்தம் பறந்து அண்டை வயல்களைக் கெடுத்துவிடாமல் தடுக்கவே அழித்தோம் என்ற வாதம் எடுபட்டது. மரபணு மாற்றுப் பயிர்களை எதிர்ப்பவர்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூரும் வழக்கு இது. சாய்க்கப்பட்ட வயல் எதற்காகப் பயிரிடப்பட்டது என்பதுதான் அந்த நினைவில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

அது விற்பனைக்கான சாகுபடி அல்ல. களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் வந்தால் வயலை நம்பி வாழும் பூச்சி, பறவை, களைச்செடிகளுக்கு என்ன ஆகும் என்று கண்டறிய பிரிட்டன் அரசு பண்ணை அளவில் நடத்திய மாபெரும் ஆய்வின் ஒரு பகுதி. சோளம், பீட் கிழங்கு, கடுகு இனத்து எண்ணெய்வித்து என்று ஒவ்வொரு பயிருக்கும் சுமார் 60 வயல்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒவ்வொரு வயலையும் இரண்டாக வகுந்து ஒரு பாதியில் மரபணு மாற்றுப் பயிரும் மறு பாதியில் வழக்கமான பயிரும் போட்டு, களை விதைகளையும் தேனீக்களையும் வண்ணத்துப்பூச்சிகளையும் எண்ணினார்கள். 2003 அக்டோபரில் ராயல் சொசைட்டியின் இதழில் முடிவுகள் வந்தன. பீட்டிலும் எண்ணெய்வித்திலும் மரபணு மாற்றுப் பாதிதான் வறண்டிருந்தது: களை குறைவு, களை விதை குறைவு, அதைத் தின்று வாழும் உயிர்களும் குறைவு. சோளத்தில் நேர்மாறு. ஆனால் ஒப்பீட்டுக்கு எடுத்த வழக்கமான சோளத்தில் அடித்திருந்தது அட்ரசின் என்ற களைக்கொல்லி. அந்த மருந்துக்கே ஐரோப்பா அப்போது தடை போட்டுக்கொண்டிருந்ததால் அந்த வெற்றிக்கும் பெரிய மதிப்பில்லாமல் போயிற்று. 2004 மார்ச்சில் அரசு சோளத்துக்கு மட்டும் நிபந்தனைகளோடு அனுமதி தந்தது. பேயர் நிறுவனம் அதையும் வேண்டாமென்று விலகிக்கொண்டது. ஆக, களைக்கொல்லிப் பயிர்கள் வயல்வாழ் உயிர்களைப் பட்டினி போடும் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னதற்கு முதல் முறையாகக் கெட்டியான ஆதாரம் கிடைத்தது, அவர்கள் சாய்க்க முயன்ற வயல்களிலிருந்தே.

மரபணு மாற்றுப் பயிர்களின் மீதான எதிர்ப்பு என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவைப்பதில் இரண்டு வேறு காரியங்கள் கிடக்கின்றன. ஒரு பயிரை உழவருக்கு விற்கக் கூடாது, விதைக்குக் காப்புரிமை தரக் கூடாது, அனுமதி தரும் குழுவில் கம்பெனிக்கு வேண்டியவர்கள் இருக்கக் கூடாது என்பது ஒன்று. அந்தப் பயிரை ஒரு வேலிக்குள் வளர்த்துப் பார்க்கவே கூடாது என்பது மற்றொன்று. முன்னது அரசியல், ஜனநாயகத்தில் அதற்கு முழு இடமுண்டு, பல நேரங்களில் அது சரியாகவும் இருந்திருக்கிறது. பின்னது அறியும் வழியையே அடைப்பது. கடந்த நாற்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், பின்னதால் அதிகம் இழந்தவர்கள் பன்னாட்டு விதைக் கம்பெனிகள் அல்ல, அவர்களுக்கு மாற்றாக எழுந்திருக்கக்கூடிய பொதுத்துறை ஆய்வாளர்களும், சொல்லப்போனால் எதிர்ப்பாளர்களும்தான் என்று எனக்குப் படுகிறது.

ஸ்விட்சர்லாந்தின் கோதுமையைப் பாருங்கள். சாம்பல் நோய் தாக்காதபடி ஒரு மரபணு சேர்க்கப்பட்ட கோதுமை ரகங்களை சூரிச்சில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். கண்ணாடிக் கூடத்துக்குள் அவை பிரமாதமாக விளைந்தன. 2008இல் சூரிச்சுக்கு அருகே ரெக்கன்ஹோல்சில் வயலுக்குக் கொண்டுவந்தபோது முகமூடி அணிந்த கூட்டம் ஒன்று புகுந்து பயிரை மிதித்துப் பாழாக்கியது. தப்பியவற்றை வைத்து ஆய்வு தொடர்ந்தது. கிடைத்த முடிவு என்ன தெரியுமா? நோய் எதிர்ப்பு வயலிலும் நின்றது. ஆனால் சில ரகங்களில் விளைச்சல் 56 சதவீதம் வரை சரிந்தது, கதிர்களில் எர்காட் பூஞ்சை அதிகமாகப் பிடித்தது. ஒரு மரபணுவைச் சேர்த்தால் செடியின் வேறு எங்கோ ஒரு விளைவு தோன்றலாம், அது ஆய்வுக்கூடத்தில் தெரியாது என்பது எதிர்ப்பாளர்கள் ஓயாமல் சொல்லிவரும் எச்சரிக்கை. அதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. வயலுக்கு வராமலே இருந்திருந்தால் கண்ணாடிக் கூடத்து எண்கள் மட்டும் மிஞ்சியிருக்கும், ஆதரவாளர்கள் அவற்றைத்தான் மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பார்கள்.

இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் நடந்ததும் இதே பாடம்தான், கொஞ்சம் கூடுதல் செலவில். அசுவினிப் பூச்சிகள் ஆபத்து வந்தால் ஒரு வாசனையை வெளியிட்டு ஒன்றையொன்று எச்சரிக்கும். அந்த வாசனையைக் கோதுமையே வெளியிட்டால் அசுவினி அண்டாது, மருந்தும் அடிக்க வேண்டியதில்லை என்பது யோசனை. புதினா வகைச் செடி ஒன்றில் இருப்பது போன்ற மரபணுவைக் கொண்டு செய்தார்கள். முழுக்கப் பொதுப்பணம், கம்பெனி கிடையாது. 2012இல் ‘மாவைத் திரும்ப எடுத்துக்கொள்’ என்ற பெயரில் ஓர் இயக்கம், மே 27 அன்று வந்து வயலை அழிப்போம் என்று முன்கூட்டியே நாள் குறித்தது. விஞ்ஞானிகள் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டார்கள். வயலை அழிக்காதீர்கள், வந்து பேசுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், காணொளி வெளியிட்டார்கள். காவல்துறை மறித்ததால் அன்று கூட்டம் வயலை நெருங்கவில்லை. அந்த ஆய்வுக்கான செலவு 7,32,000 பவுண்டு. வேலிக்கு 4,44,000 பவுண்டு. மற்ற காவல் ஏற்பாடுகளுக்கு ஏறத்தாழ 18 லட்சம் பவுண்டு. அறிவுக்குச் செலவிட்டதைப் போல மூன்று மடங்கு அதைக் காக்கச் செலவிட நேர்ந்தது. 2015இல் வந்த முடிவோ: பயிர் வேலை செய்யவில்லை. வாசனை விடாமல் வீசிக்கொண்டே இருந்ததால் அசுவினிகள் அதைப் பொருட்படுத்தவில்லை என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. தோல்வியை மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள். வயல் அழிந்திருந்தால் அந்தக் கோதுமை, முட்டாள் கூட்டத்தால் உலகம் இழந்த அதிசயப் பயிராக இன்றும் பேசப்பட்டுக்கொண்டிருக்கும்.

இந்த வரிசையில் அதிகம் சர்ச்சைக்குள்ளானது தங்க அரிசி. இங்கோ போட்ரிகுஸ், பீட்டர் பேயர் இருவரும் வைட்டமின் ஏ சத்துக்கான பீட்டா கரோட்டினை அரிசிமணிக்குள் உண்டாக்கி 2000 ஜனவரியில் அறிவித்தார்கள். அதே ஆண்டு ‘டைம்’ இதழின் அட்டை, இந்த அரிசி ஆண்டுக்குப் பத்து லட்சம் குழந்தைகளைக் காப்பாற்றக்கூடும் என்று முழங்கியது. ஆனால் அந்த முதல் அரிசியில் கிராமுக்கு 1.6 மைக்ரோகிராம் சத்துதான் இருந்தது. தேவையான அளவு பெற ஒருவர் நாளொன்றுக்குக் கிலோக்கணக்கில் சோறு தின்ன வேண்டும் என்று கிரீன்பீஸ் கேலி செய்தது. கேலியில் நியாயம் இருந்தது. 2005இல் சத்தின் அளவு 37 மைக்ரோகிராம் வரை உயர்ந்தது. பிறகு அதில் ஒரு குறிப்பிட்ட வழித்தோன்றலைப் புது தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் நம்மூர் சுவர்ணா நெல்லோடு கலந்து வளர்த்துப் பார்த்தார்கள். செடி குட்டையானது, இலை வெளிறியது, விளைச்சல் வீழ்ந்தது. புதிய மரபணு போய் உட்கார்ந்த இடத்தில் நெல்லின் சொந்த மரபணு ஒன்று அறுபட்டதே காரணம் என்று 2017இல் எழுதினார்கள். தங்க அரிசிக்கு எதிராகப் பேசுபவர்கள் இன்று அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு அதுவே. அதை எழுதியவர்கள் தங்க அரிசியை இந்தியாவுக்குக் கொண்டுவர விரும்பிய பொதுத்துறை விஞ்ஞானிகள். இடையில் 2013 ஆகஸ்ட் 8 அன்று பிலிப்பைன்சின் பிக்கோல் பகுதியில் பிலி என்ற ஊரில், அரசும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து வளர்த்த தங்க நெல் வயலை நூற்றுக்கணக்கானோர் வேலியைத் தள்ளிவிட்டுப் பிடுங்கி எறிந்தார்கள். தில்லியில் செடியை வளர்த்துக் கண்டுபிடித்த குறை போன்ற ஒன்றை பிலியில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வேர் பிடுங்கிய செடியிடம் கேட்க ஒன்றுமில்லை.

இவ்வளவு சொல்லும்போது, இந்த ஆத்திரம் வானத்திலிருந்து குதித்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மரபணு மாற்றிய உயிரை வெட்டவெளியில் விட்ட முதல் முயற்சியே பொய்யில் தொடங்கியது. பயிரில் உறைபனி படியாமல் தடுக்கும் பாக்டீரியா ஒன்றைக் கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனம் உருவாக்கியது. அரசின் அனுமதி வருவதற்கு முன்பே அதைத் தன் கட்டட மொட்டை மாடியில் இருந்த மரங்களுக்குள் ஊசி போட்டுச் செலுத்தியது. செய்தி கசிந்தது, அபராதம் விழுந்தது. 1987 ஏப்ரலில் பிரெண்ட்வுட் என்ற ஊரில் முறையான அனுமதியோடு ஸ்ட்ராபெரி வயலில் அதைத் தெளிக்க இருந்தபோது முந்திய இரவே ஆட்கள் புகுந்து செடிகளைப் பிடுங்கினார்கள். தங்க அரிசி விஷயத்தில் இன்னும் மோசம். சீனாவின் ஹூனான் மாகாணத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு அந்த அரிசியைக் கொடுத்து நடந்த சத்து ஆய்வில், அது மரபணு மாற்றியது என்று பெற்றோரிடம் சரியாகச் சொல்லவில்லை. 2012இல் அது அம்பலமாகி, 2015இல் கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. அறிவியல் எண்கள் தவறு என்பதற்காக அல்ல, ஒப்புதல் பெறவில்லை என்பதற்காக. நம்மூரில் பொதுத்துறை உருவாக்கிய முதல் பி.டி. பருத்தி (புழுவை எதிர்க்கும்படி மரபணு மாற்றியது) என்று 2009இல் கொண்டாடப்பட்ட ‘பிக்கானேரி நெர்மா’ ரகத்துக்குள் மான்சாண்டோ கம்பெனியின் மரபணுவே கலந்திருந்தது தெரியவந்து அது விலக்கப்பட்டது. பொதுப்பணம் என்றால் தானாக நேர்மை வந்துவிடும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

பரிசோதனையை எதிர்ப்போர் முன்வைக்கும் வாதங்களில் வலுவானது, பரிசோதனை வயலே ஆபத்து என்பது. இதைத் தட்டிக்கழிக்க முடியாது. பேயர் கம்பெனியின் எல்.எல்.601 என்ற களைக்கொல்லி தாங்கும் நெல், அமெரிக்காவில் 1998 முதல் 2001 வரை பரிசோதனையாக வளர்க்கப்பட்டது, பிறகு கைவிடப்பட்டது. 2006 ஆகஸ்டில் கடைக்குப் போகும் அமெரிக்க அரிசியில் அதன் தடம் தென்பட்டது. ஐரோப்பாவும் ஜப்பானும் வாசலை இறுக்கின, விலை சரிந்தது, ஆயிரக்கணக்கான நெல் விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011இல் 75 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டு பேயர் வழக்கை முடித்தது. ஒரு பரிசோதனை வயலின் விதை ஐந்து ஆண்டு கழித்து வந்து ஒரு நாட்டின் ஏற்றுமதியை உலுக்கிய இந்தக் கதைக்கு முன்னால், ‘வேலி போட்டிருக்கிறோம், கவலை வேண்டாம்’ என்ற சமாதானம் எடுபடாது. ஆனால் இதிலிருந்து பிறக்கும் கோரிக்கை என்ன? வயலுக்கு வயல் இடைவெளி, அறுவடைக்குப் பின் விதையைக் கணக்கு வைத்து அழித்தல், அடுத்த பருவங்களில் தானாக முளைப்பதைக் கண்காணித்தல், கலப்பு நேர்ந்தால் கம்பெனியே நட்டஈடு தரும்படி சட்டம். அமெரிக்க விவசாயிகளைக் காப்பாற்றியது நீதிமன்றம். இந்தியாவில் அப்படி ஒரு பொறுப்புச் சட்டம் இன்றும் இல்லை என்பதே நம் பெரிய குறை. கசிவு நேர்வது எப்படி என்று தெரிந்துகொள்வதற்கும் ஒரு வயல் தேவைப்படும். பிரான்சின் கோல்மாரில் பரிசோதனைத் திராட்சைக் கொடிகளின் பூவை ஏன் முன்கூட்டியே கிள்ளி எறிந்தார்கள் என்பதிலிருந்து அதற்குத் தீர்வும் கிடைக்கிறது.

கோல்மாரில் நடந்ததை மேலே கோடிட்டுக் காட்டியது போதாது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்குள்ள அரசு வேளாண் ஆய்வு நிலையம், திராட்சையை வாட்டும் ஒரு வைரஸ் நோய்க்கு எதிரான வேர்க்கொடியைப் பரிசோதித்தது. மரபணு மாற்றியது அடிவேர்ப் பகுதி மட்டும். மேலே ஒட்டியது சாதாரணக் கொடி. பூங்கொத்துகள் வந்தவுடனே கிள்ளப்பட்டன. உள்ளூர்க் கொடிமுந்திரி விவசாயிகள், சுற்றுச்சூழல் அமைப்பினர், நகராட்சிப் பிரதிநிதிகள் கொண்ட கண்காணிப்புக் குழு ஒன்று ஆய்வை எப்படி நடத்துவது என்பதிலேயே பங்கெடுத்தது. விற்பனை நோக்கம் இல்லை. எதிர்ப்பாளர்கள் கேட்ட எல்லாமே அங்கே இருந்தது. இருந்தும் 2009இல் தனியாள் ஒருவர் வந்து கொடிகளை வெட்டிப்போட்டார். நிலையம் மறுபடி நட்டது. 2010 ஆகஸ்ட் 15 அன்று அறுபது பேர் சேர்ந்து அதையும் பிடுங்கினார்கள். கம்பெனிகளின் ஆதிக்கம்தான் எங்கள் எதிரி என்ற வாதம் கோல்மாரில் பொருந்தவில்லை. ஐரோப்பாவில் கல்வி நிறுவனங்களும் அரசும் நடத்திய ஆய்வுகளின் மீது ஏறத்தாழ 80 தாக்குதல்கள் நடந்ததாக ஆய்வாளர் மார்செல் குன்ட்ஸ் 2012இல் தொகுத்துக் காட்டினார். கம்பெனிகள் தங்கள் சோதனை வயல்களை அட்லாண்டிக்குக்கு அப்பால் எடுத்துக்கொண்டு போயின. பல்கலைக்கழக ஆய்வாளரால் அப்படிப் போக முடியாது.

இந்தியாவுக்கு வருவோம். 1998 நவம்பரில் கர்நாடக ராஜ்ய ரயத சங்கத்தினர் நஞ்சுண்டசாமியின் தலைமையில் ராய்ச்சூர் பகுதியில் மான்சாண்டோவின் பி.டி. பருத்திப் பரிசோதனை வயல்களுக்குத் தீ வைத்தார்கள். அந்தத் தீ தேசத்தை ஒரு விவாதத்துக்கு இழுத்தது, உண்மை. அதற்கு மூன்று ஆண்டுக்குள் குஜராத்தில் நவபாரத் 151 என்ற பெயரில், எந்தக் குழுவின் அனுமதியும் இல்லாத பி.டி. பருத்தி ஆயிரக்கணக்கான ஏக்கரில் காய்த்து நின்றது. 2002 மார்ச்சில் அரசு மூன்று வீரிய ரகங்களுக்கு அனுமதி தந்தபோது, உழவர்கள் ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இன்று பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்குப் பழகிவிட்டதும் நடந்தது. 2010இல் மான்சாண்டோவே குஜராத்தில் முதல் தலைமுறைப் பருத்தி பயனிழந்ததை ஒப்புக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாம் தலைமுறையும் அதே கதிக்கு வந்தது. புழு பழகிவிடும் என்று எதிர்ப்பாளர்கள் முன்பே சொன்னார்கள். புழு பழகாமல் இருக்க வயலோரம் சாதாரணப் பருத்தி நட வேண்டும் என்ற விதி இருந்தும் யாரும் நடவில்லை, யாரும் கேட்கவுமில்லை. தீவைப்பும் அனுமதியும் அடுத்தடுத்து வந்தன. பத்து ஆண்டுக்குக் கண்காணித்துப் பார்க்கும் வேலைதான் எந்தப் பக்கத்துக்கும் உவப்பாக இல்லை.

கத்தரிக்காயில் நேர்ந்தது வேறு விதம், நமக்கு நெருக்கமானதும்கூட. தண்டு மற்றும் காய்த்துளைப்பான் புழு முட்டையிலிருந்து வந்ததும் தளிருக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். வெளியே அடிக்கிற மருந்து உள்ளே போகாது. அது புகுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று உழவர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவைகூட மருந்து அடிக்கிறார்கள். அந்தக் காய்தான் சந்தைக்கு வருகிறது. கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், மஹிகோ நிறுவனத்திடமிருந்து பெற்ற பி.டி. மரபணுவை கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 என்ற தன் நான்கு ரகங்களில் ஏற்றியது. இவை வீரிய ஒட்டு அல்ல. உழவர் விதை எடுத்துவைத்து அடுத்த பருவத்துக்குப் போடலாம். மஹிகோ விற்க இருந்ததோ வீரிய ஒட்டு, ஆண்டுதோறும் வாங்க வேண்டும். பெரிய சண்டை முழுக்க மஹிகோவை முன்னிறுத்தி நடந்தது. சோதனைத் தரவுகளை வெளியிட வேண்டும் என்று தகவல் உரிமைச் சட்டத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் போராடித்தான் வாங்க நேர்ந்தது. இந்தப் போராட்டத்தை நடத்தியவர்களுக்கு இந்திய அறிவியல் கடமைப்பட்டிருக்கிறது. 2009 அக்டோபரில் அனுமதிக் குழு பச்சைக்கொடி காட்ட, அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக் கூட்டம் நடத்திக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தார். அவசரம் இல்லை, சுதந்திரமான நீண்டகால ஆய்வு வேண்டும் என்றார் அவர். அந்த நீண்டகால ஆய்வு நடக்கவே இல்லை. 2011 முதல் பரிசோதனைக்கு மாநிலத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றாயிற்று. பல மாநிலங்கள் தர மறுத்தன. 2012இல் நாடாளுமன்ற வேளாண் நிலைக்குழுவும் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழுவும் வயல் பரிசோதனையையே நிறுத்தச் சொல்லும் திசையில் பேசின. ஆய்வு போதவில்லை என்று ஒரு பயிரை நிறுத்திவிட்டு, பிறகு ஆய்வையும் நிறுத்தினால் அந்தப் பயிர் நல்லதா கெட்டதா என்பது என்றைக்கும் தெரியாது. மஹிகோவுக்கு இதனால் ஒரு விற்பனை வாய்ப்பு போயிற்று. கிள்ளிகுளம் கத்தரியோ வந்த வழியே அலமாரிக்குத் திரும்பியது.

எல்லைக்கு அப்பால் வங்கதேசம் அதே மரபணுவை, அரசு ஆய்வு நிறுவனத்தின் நான்கு ரகங்களில் ஏற்றி, 2013 அக்டோபரில் அனுமதித்து, 2014 ஜனவரியில் 20 உழவர்களுக்கு நாற்றுக் கொடுத்தது. முதல் பருவம் சொதப்பல்தான். பல வயல்களில் செடி வாடிச் செத்தது, ஏடுகள் தோல்வி என்று எழுதின. 2018க்குள் பயிரிடுவோர் 27,000ஐத் தாண்டினார்கள். 1,200 உழவர் குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்கி நடத்திய ஒப்பீட்டில், பி.டி. பயிரிட்டவர்களுக்குப் பூச்சிமருந்துச் செலவு ஏறத்தாழ பாதி குறைந்திருந்தது. இந்த ஆய்வு குறையற்றது என்று நான் சொல்லவில்லை. பயிரை அனுமதித்த அதே அரசும் அதற்குப் பணம் தந்த அதே நிதியாளர்களும் ஆய்விலும் தொடர்புடையவர்கள் என்ற விமர்சனம் கேட்கத் தக்கது. ஆனால் விமர்சிக்கவாவது அங்கே ஒரு பொருள் இருக்கிறது. நம்மிடம் இருப்பது 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் கண்டுபிடிக்கப்பட்ட, எங்கிருந்து வந்ததென்றே தெரியாத திருட்டு பி.டி. கத்தரி. அதே ஆண்டு ஜூனில் மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் சேத்காரி சங்கட்டனா உழவர்கள், அனுமதியில்லாத களைக்கொல்லிப் பருத்தியைப் பகிரங்கமாக, செய்தியாளர்களை அழைத்து விதைத்தார்கள். அதைத் தயாரித்தவர் யார், அதில் என்ன கலந்திருக்கிறது, முளைக்காவிட்டால் யாரிடம் கேட்பது என்று சொல்ல ஒரு ரசீதுகூட இல்லை. எல்லாப் பாதையையும் அடைத்த ஊரில் கள்ளப் பாதைக்குப் பஞ்சம் இருக்காது. அந்தப் பாதையில் பாதுகாப்புச் சோதனை என்று எதுவும் கிடையாது.

பரிசோதனைக்கு விட்டால் அது அனுமதிக்கான முதல் படி, அதன் பிறகு தடுக்க முடியாது என்ற அச்சம் ஒன்று இருக்கிறது. சான்றுகள் அதைத் தாங்கவில்லை. பிரிட்டனின் பீட்டும் எண்ணெய்வித்தும், ஸ்விட்சர்லாந்தின் கோதுமையும், ரொதாம்ஸ்டெட்டின் அசுவினிக் கோதுமையும், சுவர்ணாவில் ஏற்றிய தங்க வழித்தோன்றலும் பரிசோதனையில் விழுந்தவை. பிலிப்பைன்சில் 2021இல் தங்க அரிசிக்குக் கிடைத்த அனுமதியைக்கூட 2024 ஏப்ரலில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. தடுக்கும் வழிகள் அனுமதிக்குப் பிறகும் இருக்கின்றன. இன்னொரு ஆட்சேபம் இதைவிட ஆழமானது: பசி வறுமையால் வருவது, விதையால் வருவதல்ல, வைட்டமின் ஏ கீரையிலும் பப்பாளியிலும் கிடைக்கிறது, இந்தப் பணத்தை அங்கே செலவிடலாமே என்பது. இது முன்னுரிமை பற்றிய கேள்வி, இதற்குப் பெரிய அளவில் நான் உடன்படுகிறேன். ஆனால் நிதி ஒதுக்கீட்டை நாடாளுமன்றத்தில் எதிர்ப்பதற்கும், ஒதுக்கிய பணத்தில் முளைத்த பயிரைப் பிடுங்குவதற்கும் வித்தியாசம் உண்டு. ரொதாம்ஸ்டெட்டில் காவலுக்குப் போன பணத்தில் எத்தனையோ இயற்கை வேளாண் ஆய்வு நடந்திருக்கலாம்.

ஆராய்ச்சிக்கு ஆதரவாக இருப்பது ஒழுங்குமுறைக் குழுக்களுக்கு ஆதரவாக இருப்பதாகிவிடாது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு உருவாக்கிய டி.எம்.எச்.-11 கடுகு நல்ல உதாரணம். பொதுப்பணத்தில், இந்திய மண்ணில் உருவான பயிர். 2022 அக்டோபரில் அனுமதிக் குழு அதைச் சூழலில் விட ஒப்புதல் அளித்துவிட்டு, தேனீக்களுக்கு என்ன ஆகும் என்ற ஆய்வை அனுமதிக்குப் பிறகு செய்துகொள்ளலாம் என்றது. கடுகு வயலை நம்பித் தேன் எடுப்பவர்கள் கொதித்தெழுந்ததில் ஆச்சரியம் என்ன? அந்தப் பயிரில் களைக்கொல்லி தாங்கும் மரபணுவும் இருக்கிறது. விதை உற்பத்திக்கு மட்டும்தான் அது என்று சொன்னாலும், உழவர் வயலில் அதே களைக்கொல்லி அடிக்கப்படாது என்று யார் உத்தரவாதம் தருவது? 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் அனுமதியின் செல்லுபடி குறித்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள். பத்து ஆண்டுக்கு முன்பே வயலில் தேனீயை எண்ணியிருந்தால் இந்த வழக்கின் பாதி தேவைப்பட்டிருக்காது. முன்னரே எண்ண விடாமல் மாநிலங்களை நெருக்கியவர்களும், எண்ணாமலே அனுமதி கொடுத்தவர்களும் இதில் கூட்டாளிகள்.

அப்படியானால் எதிர்ப்பாளர்கள் எதைக் கேட்க வேண்டும்? பரிசோதனை எந்தக் கிராமத்தில், எந்த சர்வே எண்ணில் என்பதை ஊராட்சிக்கு எழுத்தில் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்ல வேண்டும். 2006 இறுதியில் ஹரியானாவிலும் கோவை வட்டாரத்திலும் பி.டி. நெல் வயல்களை உழவர் சங்கங்கள் அழித்தபோது முதல் புகார், எங்களுக்குச் சொல்லவில்லையே என்பதுதான். பயிரை உருவாக்கிய நிறுவனம் பணம் கட்டினாலும் ஆய்வை நடத்துவது அதற்குச் சம்பந்தமில்லாத நிறுவனமாக இருக்க வேண்டும், பிரிட்டனில் நடந்ததைப் போல. எந்த முடிவு வந்தால் பயிரைக் கைவிடுவோம் என்று விதைக்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். மூல எண்களை ரகசியம் என்று பூட்டக் கூடாது. இவற்றில் ஒன்றையும் கம்பெனிகள் விரும்பி ஏற்காது, சில விஞ்ஞானிகளும் ஏற்க மாட்டார்கள். போராட வேண்டிய இடம் இது. அரிவாளோடு வயலில் இறங்குபவர் இந்தப் போராட்டத்தைத் தொடங்கும் முன்பே முடித்துவிடுகிறார்.

இப்போது களம் மாறிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து மரபணு சேர்க்காமல் செடியின் சொந்த மரபணுவைத் திருத்தும் முறைக்கு இந்திய அரசு 2022 மார்ச்சில் பெரும்பாலான விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே மாதம் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்கள், சம்பா மசூரியிலிருந்து வந்த கமலாவும் பூசா டி.எஸ்.டி. 1 என்பதும், உலகின் முதல் சாதனை என்று அறிவிக்கப்பட்டன. விளைச்சல் கூடும், உவர் நிலத்தையும் தாங்கும் என்றார்கள். மரபணு மாற்றமற்ற இந்தியாவுக்கான கூட்டமைப்பு அந்த ஆண்டே, அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் ஆராய்ச்சித் திட்டத்தின் சொந்த அறிக்கைகளை எடுத்து வைத்து, அதில் உள்ள எண்கள் வேளாண் அமைச்சர் அறிவிப்பில் சொன்னதற்குத் துணைநிற்கவில்லை என்று குற்றம் சாட்டியது. இந்த ரகங்களை உருவாக்கிய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மறுத்தது. எந்த வயலும் எரியவில்லை. நாடு முழுக்கப் பல இடங்களில் வளர்த்துப் பார்த்த நெல்லின் கணக்கு இருந்ததால்தான் இந்தக் குற்றச்சாட்டே சாத்தியமாயிற்று. கழகம் இனிச் செய்ய வேண்டியது, மறுப்பறிக்கை வெளியிடுவதோடு நிற்காமல், எந்த இடத்தில் எந்தப் பருவத்தில் எந்த ரகம் எவ்வளவு கொடுத்தது, தாய் ரகம் எவ்வளவு கொடுத்தது என்ற முழுப் பட்டியலையும் யாரும் எடுத்துச் சரிபார்க்கும்படி பொதுவில் வைப்பது.